மாப்பிள்ளை பேரில் ஒரு மென்பொருள்

இலவச மென்பொருள் உலகத்திலும் அநாதைகள் உண்டு. யாரோ ஒரு புண்ணியவான் எழுதி ஊருக்கே பொதுவாக விடுவார். சில வருடம் பழுது பார்ப்பார். பிறகு வேலை, குடும்பம் என்று போய்விடுவார். அப்படி நிற்பவற்றைப் பட்டியல் போட்டு, "யாராவது எடுத்துப் பாருங்கப்பா" என்று கெஞ்சுவதுதான், போடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் நான் இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. பயன்படுத்த ஊரே வரும். பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டால் ஒரு ஈ காக்கை வராது. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே!

அதில் ஒன்று, பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்புகளை இன்றைய எழுத்துக்கு மாற்றித் தரும் சின்ன மென்பொருள். பக்கத்தில் அச்சகம் நடத்தும் அக்காவுக்கு அது இல்லாமல் ஓடாது. அவர் மாமனார் காலத்துப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் எல்லாம் அந்தப் பழைய எழுத்தில்தான் கிடக்கின்றன. அந்த மென்பொருளில் ஒரு பழுது விழுந்திருந்தது. தொகுப்பின் அடுத்த பதிப்புக்குள் சரிசெய்யாவிட்டால் தூக்கிவிடுவோம் என்று, இலவச மென்பொருள்களை ஒன்றாகச் சேர்த்து வெளியிடும் தொகுப்பாளர்கள் சொல்லிவிட்டார்கள்.

குரங்கணிக்கு மேலே ஏலக்காய் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ஒருவர், லேப்டாப்பைச் சரிசெய்ய வந்த இடத்தில், "நான் பாத்துக்கிறேண்ணே" என்றார். பராமரிப்பவர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டார். அதோடு சரி. அநாதையாக இருந்தாலாவது வேறு யார் கண்ணிலாவது படும். பெயர் ஏறிவிட்டால் பட்டியலை விட்டு இறங்கிவிடும்; அவராக விடாமல் இன்னொருவர் எடுக்க மாதக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டும். வைக்கப்படப்பில் படுத்த நாய், தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது.

மாதக்கணக்கில் மெயிலில் கத்திப் பார்த்தேன். போனையும் எடுக்கவே இல்லை. பொறுக்கமாட்டாமல் ஜீப் ஏறிப் போனேன்.

"தம்பி, ஒண்ணு பாரு, இல்ல விடு."

"கோவிச்சுக்காதீங்கண்ணே. எனக்குப் பொண்ணு பாத்திருக்காங்க. எங்கப்பா பயோடேட்டாவுல, 'உலக அளவுல மென்பொருள் பராமரிக்கிறார்'னு போட்டுட்டாரு. கல்யாணம் முடியிற வரைக்கும் பேரு கெடக்கட்டுமே."

"பொண்ணு பாக்கப் போட்டுட்டுப் போற எரவல் நகையாடா அது?"

அவர் அசரவில்லை. "பொண்ணோட தாய்மாமா தேவாரத்துல இருக்காரு. விசாரிக்கணும்னாரு. நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்று போனைப் போட்டு என் கையில் திணித்துவிட்டார்.

"மாப்ள ஒலகத்துக்கே என்னமோ பாக்குறாராமே, நெசமா?" என்றார் தாய்மாமா.

"அவர் பேர்லதான் இருக்குங்க."

"சம்பளம் எம்புட்டு?"

"ஒத்தப் பைசா கெடையாதுங்க. சும்மா, ஊருக்காகப் பாக்குறது."

"சம்பளமில்லாத சோலிய எந்தக் கிறுக்கனாவது பாப்பானா? எங்க புள்ளயக் கட்டணும்னா மொதல்ல அத விடச் சொல்லுங்க. வெரசா விடச் சொல்லுங்க!"

வருடக்கணக்கில் அந்த வேலையைப் பார்க்கும் கிறுக்கனான நான் போனைத் திருப்பிக் கொடுத்தேன். விஷயத்தைக் கேட்ட மாப்பிள்ளை, எஸ்டேட் ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, நான் ஜீப்புக்குத் திரும்புவதற்குள் தன் பெயரை எடுத்துவிட்டார். மாதக்கணக்கில் நான் கத்தியது காதில் ஏறவில்லை. தாய்மாமா ஒரு தடவை சொன்னது ஏறிவிட்டது.

போடிக்கு வந்ததும் அச்சகத்துக்குள் நுழைந்தேன்.

"அக்கா, அந்த ஆளு விட்டுட்டாரு!"

"அப்ப இனி யாரு பாப்பா?"

"யாருமில்ல. மறுபடி அநாதைப் பட்டியல்ல ஏறிருச்சு."

"அதுக்கா இம்புட்டுச் சந்தோசம்?" என்றார். "என் நோட்டீஸெல்லாம் என்னாகும்?"

இன்னும் தூக்கவில்லை, கொஞ்ச நாள் இருக்கிறது என்றேன். கடைக்குப் போய், "யாராவது எடுத்துப் பாருங்கப்பா" என்று மறுபடியும் அடிக்க ஆரம்பித்தேன்.