ரிப்போர்ட் வரும்வரை என் முகம்

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கிறவனுக்கு வாய் கிடையாது. திரையில் என்ன தெரிந்தாலும், "டாக்டர் ரிப்போர்ட்ல சொல்லுவார்" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதனால் வருகிறவர்கள் என் முகத்தைப் படிக்கிறார்கள். நீங்களும் வெளியே அந்த பெஞ்சில் ஒரு தடவையாவது உட்கார்ந்திருப்பீர்கள், தெரியும். ஊரை விட்டு மராத்தி பேசும் இந்தப் பக்கம் வந்து, சாங்வியில் இந்த சென்டரில் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. இப்போது சில வாரமாக எனக்கே தலைவலி. மெஷின் பக்கத்து அறையில்தான் இருக்கிறது. போய்ப் படுக்கத்தான் தைரியம் வரவில்லை.

ரப்பர் பந்து

உள்ளே போகிறவர் கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்போம். பயம் வந்தால் அமுக்கலாம், என் அறையில் மணி அடிக்கும். கோயம்புத்தூரிலிருந்து வந்து இங்கே ஐ.டி. கம்பெனியில் இருக்கும் ஒருவர், நான் கதவைச் சாத்துவதற்குள் அமுக்கிவிட்டார். ஓடிப்போய் என்ன ஆச்சு என்றேன். அசையாமல் படுத்திருந்தார். அந்தக் குளிரிலும் நெற்றியெல்லாம் வேர்வை.

"ஒண்ணுமில்லீங்க. வேலை செய்யுதான்னு பாத்தேன். நான் டெஸ்டிங்லதானுங்க இருக்கேன்."

சிரித்தால்

விஷ்ராந்த்வாடியிலிருந்து ஒரு மாமி வந்தார், பேங்கில் ரிடையர் ஆனவர், கழுத்து வலி. நம்ம ஊர்க்காரர் ஆயிற்றே என்று, முடிந்ததும் கைபிடித்து இறக்கிவிட்டு ஒரு சிரிப்பு சிரித்தேன். மாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

"இத்தனை நேரம் உம்முன்னு இருந்தேள். படத்தைப் பார்த்தப்புறம் எதுக்கு இவ்வளவு அன்பா சிரிக்கறேள்?"

சிரிக்காவிட்டால்

அன்றோடு சிரிப்பை நிறுத்தினேன். அடுத்து ஆகுர்டியில் கார் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒருவர் இடுப்பு வலி என்று வந்தார். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை, முகம் அதற்குத் தகுந்தபடி இருந்திருக்கும். அவர் வாசலில் நின்று மனைவிக்கு போன் போட்டு மராத்தியில் பேசினார். ஞாயிற்றுக்கிழமை மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்ததாம்.

"அவங்களை இப்ப வர வேண்டாம்னு சொல்லிடு. ரிப்போர்ட் இன்னும் வரலை. ஆனா ஸ்கேன் எடுத்த ஆள் மூஞ்சி சரியில்லை."

என் முறை

அதற்கப்புறம் நான் மாஸ்க் போட ஆரம்பித்தேன். என்னோடு வேலை பார்க்கும் மராத்திப் பெண் சங்கீதாவும் போட்டுக்கொண்டாள்; அண்ணன் என்ற அர்த்தத்தில் என்னை 'தாதா' என்றுதான் கூப்பிடுவாள். என் தலைவலியைப் பார்க்கச் சகிக்காமல் அவள்தான் கடைசியில் என்னை அதட்டிப் படுக்க வைத்தாள். எந்தச் சத்தத்துக்குப் பின் எந்தச் சத்தம் வரும் என்று எனக்கு மனப்பாடம். இருந்தும் ஒன்று வழக்கத்தைவிட நீளமாகப் போவது மாதிரி இருந்தது. வீட்டில் மனைவியிடம் சொல்லாமல் வந்தது ஞாபகம் வந்தது. பயந்துவிட்டேன். பந்தை அமுக்கினேன். சங்கீதா ஓடிவந்தாள். வேலை செய்கிறதா என்று பார்த்தேன் என்றேன்.

முடிந்ததும் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பாமல் நேராக பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். படத்தைப் பார்த்தால் எனக்கே ஓரளவு புரிந்துவிடும், அதுதான் பயம். சங்கீதா பின்னாலேயே வந்து மாஸ்க்கைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். நான் அவள் முகத்தையே உற்றுப் பார்த்தேன்.

"தாதா, ஸ்க்ரீன் அங்கே இருக்கு. என் மூஞ்சியை ஏன் இப்படிப் பாக்கறீங்க?"

ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை, கண்ணாடிதான் மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னார். எதற்கும் இருக்கட்டும் என்று அவர் மூஞ்சியையும் ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.