பதில் வராத பிற்பகல்

மஞ்சக்குட்டை மேட்டில் ஒரு தகரக் கொட்டகை. அதில் மாதையனுக்கு ஒயர்லெஸ் வேலை. காபி எஸ்டேட்டின் மேல் டிவிஷன் பேசுவது கீழே ஆபீசுக்கு எட்டாது. நடுவில் மலை மறித்தது. இரண்டு பக்கமும் எட்டும் இடம் இந்த மேடுதான். மேலே சொல்வதைக் கேட்டுக் கீழே சொல்வார், கீழே சொல்வதை மேலே. மழை மின்னலில் பாதி வராது. அதனால் ஒரு விதி இருந்தது: சேதியைக் கேட்டவர் 'கேட்டுச்சு' என்று பதில் தர வேண்டும். மூன்று தடவை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் நடந்து போய்ச் சொல்ல வேண்டும்.

எண்பத்தேழு நவம்பரில் புயல் மழை. பிற்பகலில் மேல் டிவிஷன் மாரியப்பன் கூப்பிட்டான்.

"அண்ணா, லைன் ஊட்டுக்குப் பின்னால மண்ணு வெடிச்சு நிக்குதுங்க. கொழந்தைங்க நொம்பப் பேரு இருக்குதுங்க. ஜீப்பு அனுப்பச் சொல்லுங்க."

மாதையன் ஆபீசைக் கூப்பிட்டுச் சொன்னார். இரைச்சல்தான் வந்தது. மூன்று தடவையும் அதே இரைச்சல். கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கினார்.

உண்மையில் முதல் தடவையே ஆபீஸ் ரைட்டர் பாக்கியநாதனுக்குக் கேட்டிருந்தது. அவர் சொன்ன பதில்தான் மேட்டுக்கு வரவில்லை. ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பியவன் சித்தன், மாதையனின் தம்பி.

அதற்குள் மேலே வளைவில் ரோடு சரிந்துவிட்டது. "ஜீப்பு வர வேண்டாமுங்க, நாங்க நடந்தே தலைச்சோலை ஊருக்குப் போயிக்கறோம்" என்று மாரியப்பன் ஒயர்லெஸில் திரும்பத் திரும்பக் கத்தினான். ஆளில்லாத கொட்டகையில்தான் அது கேட்டது. ஜீப் கொட்டகையை ஒட்டித்தான் போயிற்று. உள்ளே ஆள் இருந்திருந்தால் கை காட்டி நிறுத்தியிருக்கலாம்.

நனைந்து வந்து நின்ற மாதையனை ரைட்டர் வியப்பாகப் பார்த்தார். "ஜீப் அப்பவே போயிருச்சே, மாதையா. நீ எதுக்கு வந்தே?"

லைன் வீட்டுத் தொழிலாளர் குடும்பங்கள் எல்லாம் பிழைத்தன. சித்தன் உடலை மறுநாள் காலையில் ரோடு சரிந்த வளைவுக்குக் கீழே பள்ளத்திலிருந்து தூக்கி வந்தார்கள்.

மாதையன் விதிப்படிதான் நடந்திருக்கிறார் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். இனி கொட்டகையில் இரண்டு பேர் என்று முடிவாயிற்று. அந்த இரண்டாவது வேலையைச் சித்தன் பெண்டாட்டி கலாவதிக்கே கொடுத்தார்கள்.

முதல் நாள் அவள் கேட்டாள்: "ஏனுங்க மாமா, இன்னும் ஒருக்கா கூப்புட்டுப் பாத்திருக்கலாமில்லீங்க?"

"பாத்திருக்கலாம், கண்ணு."

டெலிபோன் கம்பி வரும்வரை இருவரும் அந்தக் கொட்டகையில் வேலை பார்த்தார்கள். சேதியைத் தவிர வேறு பேச்சு இருக்கவில்லை. மழையில் யாராவது நடக்க வேண்டி வந்தால் கலாவதிதான் போவாள். மாதையன் ஒயர்லெஸ் பெட்டியை விட்டு எழுந்திருக்க மாட்டார்.