முதல் தரத் தேயிலை

பொய் சொல்வதற்கும் கொஞ்சம் மூளை வேண்டும். எனக்கு அது இருக்கவில்லை. பத்து வயதில் ஒரு பெரும் பொய்யைச் சொல்லிவிட்டு, அதைச் சோதித்துப் பார்க்க ஆளையும் நானே வீட்டுக்கு அழைத்தேன் என்றால் பாருங்களேன்.

எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு இறங்கி, முல்லைத்தீவுப் பக்கம் காடு வெட்டிய நிலத்தில் குடிசை போட்டிருந்தோம். வகுப்பில் நான் ஒருமுறை வாய் தவறி "என்னா?" என்று கேட்டுவிட்டேன். தோட்டத்துப் பேச்சு பிடிபட்டது. அன்றிலிருந்து எனக்குப் பெயர் கொழுந்து. விளையாட யாரும் சேர்க்கவில்லை. இடைவேளையில் கிணற்றுக்குள் குனிந்து "ஓய்" என்பேன். அதுவாவது மரியாதையாகத் திருப்பி "ஓய்" என்னும்.

ஒருநாள் பின்வரிசை வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான்:

"டேய் கொழுந்து, உங்கட வீட்டில குளிக்கிறதும் தேத்தண்ணியிலதானோ?"

"இல்ல. ஆனா தேயில மூட்டை மூட்டையா கெடக்கு. பெரியப்பா பேக்டரியில இருந்து அனுப்புறாரு. மொதத் தரம்."

பெரியப்பா கப்பலேறி இந்தியா போய், ஒரு கடிதம்கூடப் போடாதவர். மலையில் இருந்தபோதே எங்களுக்குக் கிடைத்தது கழித்துவிட்ட தூள்தான். இங்கே அதுவும் இல்லை. கொழுந்து கிள்ளிய அதே விரல்களால் அம்மா வேலியோரக் காட்டுத்துளசியின் நுனியைக் கிள்ளி அவித்துத் தருவாள். மாடு மோந்துவிட்டு விலகிப்போகும் செடி அது. அது மெக்சிக்கோப் பக்கத்திலிருந்து வந்ததென்றும், அங்கேயும் வயிற்றுக்கும் காய்ச்சலுக்கும் அவித்துக் குடிப்பார்கள் என்றும் வெகுகாலம் கழித்து வாசித்தேன். அவ்வளவு தூரத்திலிருந்து வந்து குடியேறியதற்கு யாரும் பட்டப்பெயர் வைக்கவில்லை.

என் பதிலைக் கேட்டு வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். என் வாங்கில் பக்கத்தில் இருந்தவன் மட்டும் சிரிக்கவில்லை. அதிகம் பேசாதவன். அவனது வெள்ளைச் சட்டையில் எப்போதும் மடிப்புக் கலைந்திராது. வசதியான வீட்டுப் பிள்ளை என்று நானாகவே முடிவுகட்டியிருந்தேன்.

"அப்ப சனிக்கிழமை வாறன். ஊத்தித் தருவியோ?" என்றான்.

ஒருவன் என் வீட்டுக்கு வருகிறான் என்ற சந்தோஷத்தில் தலையாட்டிவிட்டேன். பாதி வழி நடந்த பிறகுதான் வீட்டில் ஒரு சிட்டிகைத் தேயிலைகூட இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

அம்மாவிடம் தேயிலை கேட்டேன்.

"தேயிலைக்கு நா எங்கடா போறது? வேலியில நிக்கிதே, அதயே ஊத்திக் குடு. வர்ற புள்ள வேணாம்னா சொல்லப் போவுது?"

தோட்டத்துப் பிள்ளைக்கா தேயிலை செய்யத் தெரியாது? காட்டுத்துளசி இலையைப் பறித்து வாட்டினேன், உள்ளங்கையில் வைத்து உருட்டினேன், ஓட்டில் போட்டுக் கருக்கினேன். குடிசை முழுவதும் நுளம்பு கடிக்காமலிருக்கப் புகை போட்ட மணம். நிறம் போதாதென்று பனங்கட்டியையும் கருக்கிச் சேர்த்தேன்.

சனிக்கிழமை அம்மா கச்சான்கடலைத் தோட்டத்தில் புல்லுப் பிடுங்கப் போயிருந்தாள். அவன் நடந்தே வந்தான். அவன் குனிந்தபோது சட்டையின் முதுகில் ஒட்டுப் போட்டிருந்ததை முதன்முதலாகக் கண்டேன். விளையாடிக் கிழித்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

கோப்பையை வாங்கி மோந்து பார்த்தான். மொட்டையடித்து நின்ற வேலியோரச் செடிகளைப் பார்த்தான். பிறகு ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கோப்பையை மறுபடி நீட்டினான்.

"இன்னும் கிடக்கோ?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. உயர்ந்த மலை, பனி, முதல் தரம் என்று அளந்து தள்ளினேன். அவன் குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டான். வெயில் சாயும்வரை புளியங்கொட்டை சுண்டி விளையாடினோம். அந்த ஊருக்கு வந்து நான் வாய்விட்டுச் சிரித்த முதல் நாள் அது.

அத்தோடு விட்டிருக்கலாம். பாராட்டும் வேண்டுமே எனக்கு. வேலிப் படலை வரை அவனோடு போய் ஒரு கேள்வி கேட்டேன். அவனும் பதில் சொன்னான். அந்தப் பதிலில் ஒரு பணக்காரனின் பெருமைதான் என் காதில் விழுந்தது. என்னிடம் மட்டுமே இருந்த தேயிலை மூட்டையிலும் பங்குக்கு வந்துவிட்டானே என்று எரிச்சல். திங்கட்கிழமை வேறு வாங்குக்கு மாறிப்போய்த் தனியே உட்கார்ந்தேன். இரண்டு நாள் திரும்பித் திரும்பிப் பார்த்தான். மூன்றாம் நாள் நான் இருந்த இடத்தில் தன் புத்தகங்களைத் தள்ளி வைத்தான். அடுத்த வருடம் அவன் பள்ளிக்கூடம் வரவில்லை. ஏனென்று கேட்க எனக்கு வாயும் வரவில்லை.

நான் கேட்டது இவ்வளவுதான்: "எப்பிடி இருந்திச்சி எங்க வீட்டுத் தேயில?"

அவன் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"எங்கட வீட்டிலயும் இதுதான்."