மரநாய் தின்ற என் தலை

இதை ஒருவரும் நம்பப்போவதில்லை என்று சத்தியம் செய்தே தொடங்குகிறேன்.

குட்டி போட்ட எங்கள் பூனைக்குக் குசினி வாசலில் வைக்கும் மீன்சோற்றை இரவில் ஒரு மரநாய் வந்து தின்றுவிடுகிறது. மரநாயா அது? யானைக்கு அண்ணை! பூனையோ பால் வற்றி மெலிந்துபோனது.

நேற்று மாலை மரநாயை வெருட்ட, அந்த வாசலிலேயே என் சட்டையையும் சாரத்தையும் மாட்டி வெருளி ஒன்று கட்டினேன். தலைக்கு நல்ல பனம்பழம், அதில் கரியால் மீசை. பார்த்து நானே மயங்கி விழுந்தேன்.

காலையில் மனைவி கூப்பிட்டாள். "இஞ்சாருங்கோ, உங்கடை தலையைக் காணேல்லை!"

மரநாய்க்குப் பனம்பழம் என்றால் உயிர் என்பதை மறந்த மேதை நான். கொட்டையைக்கூடச் சூப்பிப் போட்டிருந்தது.

"அப்ப சோறு?"

"பூனை திண்டுட்டு வயிறு ஊதிப்போய்க் கிடக்கு. இண்டைக்கும் ஒரு தலை வையுங்கோ."

யார் வளவிலாவது பனம்பழம் விழுந்தால் சொல்லுங்கள். யானை, மயக்கம் எல்லாம் என் கைச்சரக்கு. தலை போனது மட்டும் உண்மை.