குடிக்கக் கூடாத காப்பி

ஜோர்டானின் சால்ட் நகரத்துப் படிக்கட்டுகளில் நவாஃப் ஓடாத படி கிடையாது. எட்டு வயதில் தெருவே அவனை ‘ஜின்னு’ என்றுதான் கூப்பிட்டது. மீசை அரும்பியதும் ஓட்டம் நின்றது. பையன் தெளிந்துவிட்டான் என்று வீட்டில் நிம்மதியானார்கள். நாற்பது வயதில், தலைநகர் அம்மானில் ஒரு மருத்துவர்தான் அதற்கு ஏ.டி.எச்.டி., கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு, என்று பெயர் சொன்னார். “ஓட்டம் நிக்கலைங்க. கால்ல இருந்தது தலைக்குள்ள போயிருக்கு.”

அதற்குள் மனைவி அவனை விட்டுப் போய்விட்டிருந்தாள். மின்வேலை செய்கிறவன் வீட்டில், பிரித்துப் பாதியில் விட்ட மின்விசிறிகள்தான் துணை.

அக்கா ருதைனாவின் மகன் முஹன்னதுக்குப் பெண் கேட்கப் போகும் நாள் வந்தது. நவாஃப் வர வேண்டாம் என்றார்கள் சொந்தக்காரர்கள். தாய்மாமன் இல்லாமலா என்று அக்காதான் ஒற்றைக்காலில் நின்றாள்.

“டேய், பொண்ணு வீட்டுக்காரங்க சரின்னு சொல்ற வரைக்கும் யாரும் காப்பியைத் தொடக் கூடாது. ஞாபகம் இருக்கட்டும்.”

“நான் என்ன சின்னப் பிள்ளையாக்கா?”

“சின்னப் பிள்ளையா இருந்தப்ப தேவலை. ஓடுனா கண்ணுக்குத் தெரியும். இப்ப உக்காந்த இடத்துலயே காணாமப் போயிடுற.”

பெண் வீட்டுக் கூடத்தில் ஆண்கள் வரிசையாக அமர்ந்தார்கள். காப்பி வந்தது. மாப்பிள்ளை பக்கத்துக் குலப் பெரியவர் எழுந்து பேசத் தொடங்கினார். நவாஃப் கவனமாகத்தான் கேட்டான். மேலே சரவிளக்கில் ஒரு பல்பு மட்டும் சிமிட்டியது. எந்த இணைப்பு தளர்ந்திருக்கும்? மனதாலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு சுவருக்குள் போனான். திரும்பி வந்தபோது நாக்கில் ஏலக்காய்க் கசப்பு. கையில் காலிக் கோப்பை.

பேச்சு நின்றிருந்தது.

“நாங்க சம்மதிக்கிறதுக்கு முன்னாடியே மாப்பிள்ளையோட மாமா கல்யாணத்தை முடிச்சிட்டாரு போல” என்றார் பெண்ணின் சித்தப்பா. அவர்கள் பக்கம் சிரித்தது. இவன் பக்கம் தரையைப் பார்த்தது.

பெரியவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து பெண் கேட்டு முடித்தார். “காப்பி குடிங்க. எங்க பொண்ணு இனி உங்க பொண்ணு” என்றார் பெண்ணின் தகப்பனார். எல்லோரும் கோப்பையைத் தூக்கினார்கள். நவாஃபும் தூக்கி, வெறும் கோப்பையை உதட்டில் வைத்துக்கொண்டான்.

வெளியே வந்ததும் முஹன்னது தயங்கினான். “மாமா, கல்யாணத்தன்னிக்கு நீங்க வாசல் லைட்டைப் பாத்துக்குறீங்களா? உள்ள நாங்க பாத்துக்குறோம்.”

“சரிப்பா.”

அக்கா வீட்டில், அவள் திட்டப்போகிறாள் என்று நின்றான். விவரம் அவனுக்கு முன்னாலேயே அவளிடம் வந்து சேர்ந்திருந்தது.

“சாப்பிட்டியா?” என்றாள், விருந்தாளியைக் கேட்பதுபோல.

சாப்பிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டுப் படிக்கட்டில் இறங்கினான்.