நம்மாளுக இல்லாத ஊர்

விசா வாங்கித் தருவது என் தொழில் அல்ல. விசா கிடைத்தவர்கள் அங்கே போய் எந்த ஊரில் குடியேறலாம் என்று சொல்வதுதான் என் தொழில். யாருக்காவது மாப்பிள்ளை பார்த்துக் கொடுத்துப் பேச்சு வாங்கியிருந்தால் என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். நன்றாக அமைந்தால் அது அவர்கள் அதிர்ஷ்டம். அமையாவிட்டால் நான் சொன்ன ஊர்.

குளிக்க விடாத அருவி

தென்காசி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மாடியில் என் அறை. வீரகேரளம்புதூரிலிருந்து ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர், கனடா போகிற மகனுக்காக ஊர் கேட்டு வந்தார். வாடகை, பள்ளிக்கூடம், பேருந்து என்று எல்லாம் தோதான ஓர் ஊரைச் சொன்னேன். அவர் முகம் தெளியவில்லை. கடைசியாக, பக்கத்திலேயே பெரிய அருவி இருக்கிறது, உலகம் பூராவும் வந்து பார்க்கிறார்கள் என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்து, தலையைக் கொடுக்கலாமா என்று கேட்டார். முடியாது, தள்ளி நின்று பார்க்கலாம் என்றேன். சீசனில் ஒரு வாரம்கூடக் குற்றாலத்தைத் தவறவிடாத மனிதர், என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"குளிக்க விடாத அருவியை வச்சுக்கிட்டு என்னத்த ஊரு நடத்துதானுவ?"

முதல் கேள்வி

பொதுவாக எல்லோரும் முதலில் கேட்பது, "அங்கன நம்மாளுக இருக்காகளா?" என்பதுதான். நம்மாளுக என்றால் தமிழர்கள் என்று ஆரம்பத்தில் நினைத்தேன். பிறகு தென்காசிப் பக்கத்தவர்கள் என்று புரிந்தது. அதற்குள்ளும் ஒரு சின்ன வட்டம் உண்டு. அதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இலத்தூர் முத்துக்குமாரும் அதைத்தான் கேட்டார். அவர் மனைவி தங்கம் நர்ஸ். நியூசிலாந்தில் இரண்டு இடங்களில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. ஒன்று பெரிய நகரம். அங்கே இலத்தூர்க்காரர்களே சில குடும்பம், பாதிப் பேர் முத்துக்குமாருக்குச் சொந்தம். ஞாயிறு தோறும் கூடிச் சாப்பிடுகிறார்கள். இன்னொன்று தெற்கே ஒரு சின்ன ஊர், நம் பக்கத்து ஆள் ஒருவர்கூடக் கிடையாது. வழக்கம்போல நகரத்தையே சொன்னேன். தங்கம் அந்தச் சின்ன ஊரின் பெயரை இன்னொரு முறை கேட்டுக்கொண்டாள். முத்துக்குமாருக்கு ஏகச் சந்தோஷம்.

"பெறகென்ன அண்ணாச்சி, இலத்தூர்ல இருந்து இலத்தூருக்கே போற மாதிரில்லா இருக்கு."

மறந்துவைத்த குடை

மறுநாள் தங்கம் தனியாக வந்தாள். குடையை மறந்துவைத்துவிட்டேன் என்றாள். அறையில் குடை எதுவும் இல்லை. இருந்தும் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கல்யாணமாகிப் பல வருஷமாகியும் அவர்களுக்குக் குழந்தை இல்லை. பார்க்காத டாக்டர் இல்லை. இனிமேல் பார்ப்பதில்லை என்று இருவரும் மனதைத் தேற்றிக்கொண்டுவிட்டார்கள். ஆனால் விசாரிக்கிறவர்கள் விடவில்லை. "அந்தத் தெக்கத்தி ஊரையே சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள். தெரியாத தேசத்தில் நாலு பேர் துணை வேண்டாமா என்று கேட்டேன். நம்மாளுக இருக்கிறார்கள் என்று நான் இத்தனை நாளும் சிறப்பாகச் சொல்லி வந்ததே ஒருத்திக்குப் பாரமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவள் பதிலைக் கேட்டபோது வெட்கமாகத்தான் இருந்தது.

"அந்த நாலு பேரும் நல்லவுகதான். ஆனா ஞாயித்துக்கிழமைதோறும் சோத்தைப் போட்டுட்டு, விசேஷம் உண்டான்னு கேப்பாக. நான் வந்தேன்னு எங்க வீட்டுக்காரவுககிட்ட சொல்லிராதீங்க, அவுக சொந்தத்தை நான் வெறுக்கேன்னு நெனச்சிருவாக."

பெண்கள் பக்கம்

அந்த வாரம் சாரல் நன்றாக இருந்தது. குற்றாலத்தில் மெயின் அருவியில் இருவரையும் பார்த்தேன். ஆண்கள் பக்கம் நானும் முத்துக்குமாரும் குளித்துவிட்டு வந்து, சிப்ஸ் கடை வாசலில் தங்கத்துக்காகக் காத்து நின்றோம். எனக்கோ நாக்கு துறுதுறுத்தது. ஆனால் சொல்ல மாட்டேன் என்று தங்கத்திடம் வாக்குக் கொடுத்தாயிற்று.

தங்கம் ஈரத் தலையோடு வந்தாள். கூடவே முத்துக்குமாரின் அத்தையும் வந்தாள். "ஏட்டி, பிளேன் ஏறுததுக்கு முன்னாடியாவது ஒரு நல்ல சேதி சொல்லப்பிடாதா?" என்று அன்பாகத்தான் கேட்டாள். "சொல்லுதேன் அத்தை" என்று தங்கம் சிரித்தாள். பலமுறை சிரித்துப் பழகிய சிரிப்பு. முத்துக்குமார் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அத்தை போனதும், எப்போதும் இப்படித்தான் கேட்கிறார்களா என்றார். "பொம்பளையள் பக்கம் இப்படித்தான்" என்றாள் தங்கம். அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. வேலை எப்படிப் போகிறது என்றுதான் கேட்பார்கள். கையிலிருந்த சிப்ஸில் ஒன்றைக்கூட அவர் வாயில் போடவில்லை. கிளம்பும்போது என் பக்கமாக வந்தார்.

"அண்ணாச்சி, அந்த நம்மாளுக இல்லாத ஊரு இருக்குல்லா... அங்கன குளிரு தாங்குமா?"

ஒரு ஆள்

அந்தச் சின்ன ஊருக்குப் போய்ச் சில மாதம் கழித்துத் தங்கம் போன் பண்ணினாள். நம்ம சாரல் மாதிரியே மழை, ஆனால் விடுவதில்லையாம். கறிவேப்பிலைக்குத் திண்டாட்டமாம். யாரும் எதுவும் கேட்பதில்லை, நிம்மதியாக இருக்கிறது என்றாள். ஆனால் சில ஞாயிற்றுக்கிழமை யாராவது எதையாவது கேட்டால் தேவலை போலவும் இருக்கிறது என்றாள். போனை வைக்கும்முன் சொன்னாள்.

"என்னைய மாதிரி யாராச்சும் குடையைத் தேடி வந்தா, இந்த ஊரைச் சொல்லுங்க அண்ணாச்சி. ஒரு ஆளு போதும்."

அந்த ஊரின் பெயரை இங்கே எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். தேவைப்படுகிறவர்கள் மாடியேறி வந்து, குடையை மறந்துவைத்துவிட்டேன் என்று சொன்னால் போதும்.