தூக்கிடலாம்மா

இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பஸ்ஸில், பேங்க் வாசலில், ரத்தப் பரிசோதனை எடுக்கிற இடத்தில், எங்கே படி இருந்தாலும் யாராவது ஒருவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வருவார். "தூக்கிடலாம்மா" என்பார். தூக்கட்டுமா என்று ஒருவரும் கேட்டதில்லை. சாய்தளம் கட்டினால் செலவு. ஆளைத் தூக்கினால் புண்ணியம்.

வைக்கோல் ஏற்றிய டிரெய்லரிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டதிலிருந்து, இடுப்புக்குக் கீழே எனக்கு உணர்ச்சி கிடையாது. ஒரு முகாமில் கொடுத்த சக்கர நாற்காலியில்தான் இருக்கிறேன். அது யாருக்கோ செய்தது. என்னைப் போல இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். ஒரு பக்கமாகச் சரிந்து சரிந்து இடுப்பில் புண் வந்தது, ஆறியது, மறுபடி வந்தது. புண் எலும்பைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து, அளவெடுத்துச் செய்த நாற்காலி உடனே வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாற்காலி கொடுத்தவர்களிடம் போய்ச் சொன்னேன். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்க வந்தவளைப் போல என்னைப் பார்த்தார்கள்.

ஒருவழியாக அளவெடுக்கும் முகாம் என்று தகவல் வந்தது. தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்தில். குறுவை அறுப்பு நேரம் அது. அறுப்பு மிஷின் எங்கள் வயலில் இறங்க வேண்டிய நாளும் அதுதான். தம்பி தன் முறையைப் பக்கத்து வயல்காரருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, பூதலூர்ப் பக்கத்திலிருந்து ஆட்டோ பிடித்து என்னைக் கூட்டிவந்தான். மேகம் கூடிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் தலையை வெளியே நீட்டி வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தான்.

அளவெடுப்பது மாடியில் என்றார்கள். கீழே என்ன என்று பார்த்தால், சாப்பாட்டு மேசைகள். முகாமைத் தொடங்கிவைக்க வந்த பெரிய மனிதர்களுக்கு இலை போட்டு வைத்திருந்தார்கள். நடக்க முடிந்தவர்கள் சாப்பிடுவதற்குக் கீழ்த்தளம், நடக்க முடியாதவர்களுக்கு மாடி. இந்த யோசனை யாருக்கு வந்ததோ, அவருக்குத் தனியாக ஒரு மாலை போடலாம்.

ஒரே நிறத்தில் பனியன் போட்ட ஆட்கள் வரிசையில் இருந்தவர்களை நெல் மூட்டை மாதிரி தூக்கிப்போய்க்கொண்டிருந்தார்கள். பாதிப் படியில் ஒரு பெரியவருக்கு வேட்டி அவிழ்ந்துவிட்டது. அவர் அதை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, சுற்றியிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். நானும் அப்படி எத்தனையோ இடத்தில் சிரித்திருக்கிறேன்.

என் முறை வந்தது. இரண்டு பேர் என் அக்குளில் கை கொடுக்கக் குனிந்தார்கள்.

"தொடாதீங்க. அளவெடுக்கிறவரைக் கீழ வரச் சொல்லுங்க" என்றேன்.

"ஒரு நிமிஷம்தாம்மா. தூக்கிடலாம்."

"வேணாம்."

முகாமை நடத்துகிறவர் வந்தார். என் தலைக்கு மேலாகத் தம்பியைப் பார்த்து, "இவங்களுக்கு என்ன சார் பிரச்சினை?" என்றார்.

"என்னைக் கேளுங்க சார். எனக்கு வாய் இருக்கு."

"சரிம்மா, ஏன் வேணாங்கிறீங்க? காரணத்தைச் சொல்லுங்க."

காரணம் இருந்தது. சேலைக்குள் சிறுநீர்ப் பை கட்டியிருக்கிறேன். பழக்கமில்லாதவர்கள் பிடித்துத் தூக்கினால் குழாய் இழுபடும். எனக்கு வலி தெரியாது. வீட்டுக்கு வந்து பார்த்தால் பையில் ரத்தம் இருக்கும். ஆனால் அதை நான் ஏன் ஒரு மண்டபத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும்? வேறு எந்தப் பெண்ணிடமாவது சேலைக்குள் என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டுவிடுவார்களா?

"வேணாம்னா வேணாம் சார். அதுதான் காரணம்."

"அப்ப அடுத்த முகாம்ல பாத்துக்கலாம்" என்று திரும்பி நடந்தார். அடுத்த முகாம் எப்போது என்று அவருக்கே தெரியாது. என் புண் அதுவரை பொறுத்திருக்காது.

தம்பி அவர் பின்னால் ஓடி, காதோடு காதாக ஏதோ சொன்னான். அவர் முகம் இளகியது. மேசையிலிருந்த மைக்கை எடுத்தார். "மேல அளவெடுக்கிறவர் கொஞ்சம் கீழ வாங்க. ஒரு அம்மாவுக்கு யூரின் பேக் போட்டிருக்கு. அவங்களுக்கு மட்டும் இங்கயே பாத்துடலாம்."

மண்டபமே திரும்பி என் மடியைப் பார்த்தது.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் என் வார்த்தைக்குக் கிடைக்காத மரியாதை என் மூத்திரத்துக்குக் கிடைத்திருக்கிறது. நல்லவேளை, அழுகை வரவில்லை. வந்திருந்தால் இன்னும் பாவம் பார்த்திருப்பார்கள்.

"பைக்காக யாரும் கீழ வர வேணாம் சார்" என்று கத்தினேன். "நான் வேணாம்னு சொன்னேன்ல, அதுக்காக வாங்க. வேணாங்கிற எல்லாருக்கும் வாங்க. இல்லன்னா நான் இப்படியே வீட்டுக்குப் போறேன்."

"அக்கா, சும்மா இரு" என்று தம்பி பல்லைக் கடித்தான்.

என் பக்கத்தில் ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு காலிலும் போலியோ, வாசலிலிருந்து தவழ்ந்தே வந்தவள். "எனக்கும் வேணாம்" என்றாள்.

"உங்களுக்கும் பை இருக்கா?" என்று கேட்டார் அவர்.

"இல்ல. கண்ட ஆம்பளைங்க தூக்குறது எனக்குப் பிடிக்கல."

வரிசையில் இன்னும் நாலைந்து குரல்கள் கிளம்பின. கடைசியில் ஒரு மேசையிலிருந்து இலைகளை எடுத்தார்கள். அளவு நாடாவோடு இறங்கி வந்தவர் நல்ல மனிதர். "முன்னாடியே சொல்லியிருந்தா கீழயே உட்கார்ந்திருப்பேங்க" என்றார். எனக்கு இன்னும் எரிந்தது. இவ்வளவு சுலபமான காரியத்துக்குத்தான் என் மானத்தை மைக்கில் போட்டார்கள்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பக்கமும் அறுக்காத பயிர் சாய்ந்து கிடந்தது. தம்பி என் பக்கம் திரும்பினான்.

"உன் நல்லதுக்குத்தானே சொன்னேன். நான் சொல்லலன்னா அந்தாளு வந்திருக்கவே மாட்டான்."

அது உண்மைதான். உண்மையாக இருந்ததால்தான் தாங்கமுடியவில்லை.

"என் உடம்பைப் பத்தி ஊராங்கிட்ட சொன்னியே, என்னைக் கேட்டியாடா?"

அவன் வெளியே பார்த்துக்கொண்டான்.

வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. அவன் இறங்கி வந்து, எப்போதும் போல என் முதுகுக்குப் பின்னால் ஒரு கையும் முழங்காலுக்கு அடியில் ஒரு கையும் கொடுத்தான். பிறகு இரண்டு கையையும் எடுத்துக்கொண்டான்.

"தூக்கவாக்கா?" என்றான்.

"இப்ப வேணாம்."

அவன் ஏன் என்று கேட்கவில்லை. அந்த மழையில் நனைந்தபடி நின்றான்.